மாதுளை நிறத்தில் ஏழு குடுவை

2023 ஜூலை 15, சனி

தக்காளி கிலோ நூற்றுப் பத்துக்கு ஏறி, எங்கள் வீட்டு ரசம் வெறும் புளித்தண்ணீராகிவிட்ட வருஷம் இது. நேற்று மத்தியானம் நிலாவுக்கு ராக்கெட் விட்டார்கள். தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இன்னொரு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உறையூருக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்த வருஷம். எழுபத்தேழு, நவம்பர் பன்னிரண்டு. அதுவும் சனிக்கிழமைதான். என் விவகாரம் அந்தத் தண்ணீருக்கும் இந்த ராக்கெட்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

என் பெயர் மருதைமுத்து. வயது எண்பது. எழுத்து ஒன்றும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது தபால் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதித் தருகிற அம்மா. ஒரு வருஷமாகத்தான் அங்கே உட்கார்கிறார். யோசிக்கும்போது பத்து விரலாலும் மேஜையைத் தட்டுவார். அந்தத் தட்டலை எனக்குப் பிடிக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வீடு தேடி வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். பெயர் மெகருன்னிசா. நான் வேலை பார்த்த நுண்ணுயிரியல் துறைக்கு இப்போது அவர்தான் தலைவர். மருமகள் போட்ட காபியைக் குடித்துவிட்டு நேராகக் கேட்டார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் குங்குமத்துல என்ன கலந்திருந்துச்சு?”

“எந்தக் குங்குமம்?”

“பழைய பதிவேடு ஒண்ணு அலமாரியில கிடைச்சுது. ஏழு குடுவையில மட்டும் ஈஸ்ட் மத்ததைவிட மூணு மடங்கு நிறம் கொடுத்திருக்கு. பக்கத்துலயே உங்க கைநாட்டு வச்ச லெட்டர். விளையாட்டா குங்குமத்தைக் கொட்டிட்டேன்னு.”

“நான் கொட்டல.”

“அப்ப நிறம் எப்படி வந்துச்சு?”

“ஈஸ்ட் கொடுத்துச்சு. அது வேலையே அதானே.”

ஐஸ்கிரீமிலும் இறால் தீனியிலும் கலக்கிற ரசாயனச் சாயத்துக்குப் பதிலாக இந்த ஈஸ்ட்டின் நிறத்தை எடுக்கத்தான் அவர் மூன்று வருஷமாகப் பார்க்கிறாராம். எவ்வளவு சூடு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு காற்று என்று மாற்றி மாற்றி வைத்தும் வெளிர் ரோஸைத் தாண்டவில்லை. அதே பழைய ஈஸ்ட்தான். நாணல் இலையிலிருந்து நாங்கள் பிடித்தது. யார் யாரோ புதுக்குழாய்க்கு மாற்றி மாற்றி இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை. என்னைத் துரத்தினார்கள், அதைக் காப்பாற்றினார்கள்.

“நான் வந்து ஆக்கிக் காட்டுறேன். நிறம் வந்தா அந்த லெட்டரு செல்லாதுன்னு காலேஜ் எழுதித் தரணும்” என்றேன்.

ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: தினமும் செய்ததை எழுத வேண்டும். “லேப்ல எழுதாதது நடக்காததுங்கய்யா” என்றார்.

அதைத்தான் நானும் நாற்பத்தாறு வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதினது நடந்ததாகிவிட்டது. சரி, இனி எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு நாளுக்கும் கீழே என் அடையாளம் வேண்டுமாம். மனு அம்மா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். கைநாட்டு வைக்க மாட்டேன். எழுபத்தேழுக்குப் பிறகு இந்தக் கட்டைவிரலை நான் எந்தத் தாளிலும் வைத்ததில்லை. பேனாவை வாங்கி ஒரு குடுவை வரைந்தேன். முக்கோணம், மேலே கழுத்து, வாயில் பஞ்சு. அதுதான் என் கையெழுத்து.

ஜூலை 17, திங்கள்

லேப் முழுக்கக் குளிர்சாதனம். பிள்ளைகள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.

முதலில் பதிவேட்டில் உள்ளபடியே வைத்தோம். காய்ச்சி வடித்த தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சாறு. ஆட்டோகிளேவில் கிருமி சாக வேகவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட்டை விட்டு, குடுவையைச் சுழற்றுகிற ஷேக்கர் மெஷினில் ஏற்றி மூடினோம். உள்ளே இருட்டு. குடுவை வாய்க்குப் பஞ்சு உருட்டினேன். ஒரு பெண் தான் உருட்டியதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தன்னுடையதைக் குப்பையில் போட்டாள். கெட்டிக்காரி.

ஜூலை 18, செவ்வாய்

ஒன்றுமில்லை. முதல் நாள் எதுவும் தெரியாது. பல்லுக்கு மருந்து வாங்கினேன்.

ஜூலை 24, திங்கள்

வெளிர் ரோஸ். தண்ணீர் அதிகமாகிவிட்ட ரோஸ்மில்க். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். இது வராது என்று எனக்குத் தெரியும், அதனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். வெள்ளத்தன்று எங்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. ஷேக்கர் ஓடாது. பேராசிரியர் சந்தானகோபாலன் வீட்டு மாடியில் சிக்கிக்கொண்டார். ஆராய்ச்சி மாணவர் ஆல்பர்ட் சகாயநாதன் திண்டுக்கல்லில் மாட்டிக்கொண்டார். நான் ஒருத்தன்தான் நீந்தாத குறையாக லேப் போனேன். அந்த வாரம் வைத்தே ஆக வேண்டிய ஏழு குடுவை. ஆடாமல் கிடந்தால் ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். கிழக்கு ஜன்னலோரம் வரிசையாக வைத்து, பகலெல்லாம் மணிக்கொரு தரம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுழற்றினேன். வானம் மூடியிருந்தது. வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும்.

“வெளிச்சம்!” என்றார் டாக்டரம்மா. “வெளிச்சம் பட்டா இது தன்னைக் காப்பாத்திக்க நிறத்தைக் கூட்டும்யா. இதை ஏன் அப்பவே சொல்லல?”

“யாரு கேட்டா?”

ஜூலை 25, செவ்வாய்

ஜன்னலோரம் ஏழு குடுவை. வெயில் சுடாதபடி மெல்லிய துணி கட்டினோம். எனக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டார்கள். மெஷின் சுழற்றட்டும், ஜன்னலோரம் ஒரு ஷேக்கரை நகர்த்துகிறோம் என்றாள் பஞ்சுப் பெண். வேண்டாம் என்றேன். அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படி.

ஜூலை 26, புதன்

மணிக்கட்டு வீங்கிவிட்டது. சுழற்றினேன்.

ஜூலை 28, வெள்ளி

மருமகள் தைலம் தேய்த்துவிட்டுத் திட்டினாள். “எண்பது வயசுல யாருக்கு மாமா நிரூபிக்கணும்? எல்லாருந்தான் போய்ச் சேந்துட்டாங்களே.”

“உனக்குத்தான். நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கு உங்க சித்தப்பன் என்னை என்னன்னு கூப்பிட்டான்?”

அவள் தைலப் புட்டியை மூடினாள். கூப்பிட்டது ‘குங்குமத்தான்’ என்று. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் அதுதான். என் மனைவி அஞ்சலை அந்த டிசம்பரில் குங்குமச் சிமிழைத் தூக்கிப் பரணில் போட்டாள். சாகும்வரை சாந்துப் பொட்டுதான். கேட்டால், “சாந்துதான் வேர்வைக்கு நிக்குது” என்பாள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

முன்னைவிட நல்ல நிறம். ரோஜாப்பூ. ஈஸ்ட்டை உடைத்து, அசிட்டோனில் நிறத்தை இறக்கி, மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மடங்கு. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. ரோஜா இல்லை. அன்றைக்கு வந்தது மாதுளை. பிளந்த மாதுளை.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வேற என்ன செஞ்சீங்கய்யா? ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு.”

“ஒண்ணும் இல்ல.”

“சர்க்கரை அளவு?”

“அதேதான்.”

“தண்ணி?”

“அதேதான்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு

காவிரிக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. மனு அம்மா சித்ரான்னம் கொண்டுவந்தார். “மாதா கோயில் ஆளுக்கு ஆடிப்பெருக்கு ஏது?” என்று கேட்டேன். “ஆத்துக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே” என்றார். தேங்காய்ச்சாதத்தில் உப்பு கம்மி.

இன்று லேப் விடுமுறை. அதனால் அந்த லெட்டரில் கைநாட்டு வைத்த நாளைப் பற்றி எழுதச் சொல்கிறேன்.

டிசம்பர் ஏழு, எழுபத்தேழு, புதன். அதற்கு முன் வாரம் சென்னையிலிருந்து பரீட்சகர் வந்திருந்தார். ஏழு குடுவையையும் பார்த்தார். “என் முன்னாடி ஒரு தரம் வச்சுக் காட்டுங்க” என்றார். கரண்ட் வந்துவிட்டது, ஷேக்கர் ஓடியது, எல்லாம் முறைப்படி வைத்தோம். வந்தது வெளிர் ரோஸ். “சாயம் கலந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆல்பர்ட் சாரின் பட்டம் போகும், பேராசிரியரின் பெயர் போகும். யாராவது கலந்திருக்க வேண்டும். யார்?

பேராசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அறையில் நான்கு பேர். பேராசிரியர் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஆல்பர்ட் சார் சுவரைப் பார்த்து நின்றார். மேஜையோரம் டைப்பிஸ்ட் பெண், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம், மிஷினிலிருந்து தாளை உருவினாள். அந்த வாரம் எல்லா ஊழியரும் வெள்ளத்தில் வராத நாளுக்கு விடுப்பு விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை, அதனால் கேட்டேன்.

“என்ன தாயி இது?”

“லீவு லெட்டர்தான். வைங்கண்ணே.”

வைத்தேன். பேராசிரியர் தலை நிமிரவில்லை. டைப்பிஸ்ட் பெண்ணும் ஆல்பர்ட் சாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

இதை எழுதும்போது மனு அம்மாவின் விரல் இரண்டு தரம் நின்றது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுதினார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மனு அம்மா வரவில்லை. தலைவலி என்று ஆள் அனுப்பினார். இதை மறுநாள் எழுதச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 5, சனி

எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று முதல் நாளே வாய்விட்டுச் சொன்னவன் நான். அதனால் எழுது.

தண்ணீர் அதேதான் என்றது பொய்.

காய்ச்சி வடிக்கிற கருவி கரண்டில் ஓடுவது. ஒன்பது நாள் அது சும்மா நின்றது. வடித்த தண்ணீர்க் கேன் காலி. குழாயிலும் வரவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு உப்புக் கிணறு. பாத்திரம் கழுவத்தான் ஆகும், பருப்பு வேகாது. அதிலிருந்து இரண்டு வாளி இறைத்து வந்து, வேட்டியை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டி, அதில்தான் சர்க்கரையைக் கரைத்தேன். கரண்ட் இல்லாததால் ஆட்டோகிளேவுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பிரஷர் குக்கர் வைத்து வேகவைத்தேன்.

பேராசிரியர் வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். “தண்ணி வடிச்சதுதானே மருதை?” “ஆமாங்க சார்.” பரீட்சகர் வருவதற்கு முன்னால் இன்னொரு தரம் கேட்டார். “ஆமாங்க சார்.” அந்த அறையில் மூன்றாம் தரம் கேட்டார், பச்சை ஸ்வெட்டரோடு. “ஆமாங்க சார்.”

ஏன் சொன்னேன்? எழுத்துத் தெரியாதவனை லேப்பில் வைத்திருக்கிறார்களே என்று மற்ற துறை ஆட்கள் சிரிப்பார்கள். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது, ஆனால் மூடியின் நிறம், பாட்டிலின் கனம், வாசனை எல்லாம் வைத்து ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூட மாற்றி எடுத்ததில்லை. மருதை தப்பே செய்ய மாட்டான் என்று பேராசிரியரே சொல்வார். அந்தப் பேச்சை விட எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பரீட்சகர் முன்னால் வெளிர் ரோஸ் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மாறினது ஜன்னலும் தண்ணீரும்தான். ஜன்னலைச் சொன்னால் தண்ணீரைக் கேட்பார்கள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஆல்பர்ட் சார் பெரிய ஆளாகியிருப்பார். கடைசிவரை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து போனார்.

தண்ணீரைப் பற்றி நான் பொய் சொன்னேன். குங்குமம் நான் போடவில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

“அண்ணே, இதை எழுதியே ஆகணுமா? கிணத்து விஷயம் யாருக்கும் தெரியாதே” என்றார் மனு அம்மா.

“அதான் எழுதச் சொல்றேன்.”

ஆகஸ்ட் 7, திங்கள்

டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, “உப்பா! உப்புத் தண்ணியா!” என்று கத்தினார். உப்பு கூடினால் ஈஸ்ட்டுக்கு நெருக்கடியாம், நெருக்கடியில் நிறத்தைக் கூட்டிக்கொள்ளுமாம். கிணற்றுத் தண்ணீரில் இரும்போ துத்தநாகமோ வேறு என்ன இருந்ததோ என்று பட்டியல் போட ஆரம்பித்தார்.

கிணறு இல்லை. மூடி, மேலே கேன்டீன் கட்டிவிட்டார்கள். கேன்டீன் பின்னால் ஒரு அடிபம்பு இருந்தது. பஞ்சுப் பெண் அடித்தாள். கையில் பிடித்து வாயில் விட்டேன். நாக்கின் ஓரத்தில் கரித்து, கடைசியில் ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி.

“இதேதான்.”

“நாப்பத்தாறு வருசத்துக்கு முன்னாடி குடிச்ச தண்ணி ஞாபகம் இருக்கா தாத்தா?”

“உனக்கு உங்கம்மா வச்ச ரசம் மறக்குமா?”

ஆகஸ்ட் 10, வியாழன்

ஆட்டோகிளேவ் ரப்பர் வளையம் போய்விட்டது. புதுசு வர நாலு நாளாகுமாம். குக்கர் இருக்கிறது, ஸ்டவ் இருக்கிறது என்றேன். யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

இருபத்தெட்டுக் குடுவை. ஏழு, வடித்த தண்ணீரில் இருட்டில். ஏழு, வடித்த தண்ணீரில் ஜன்னலில். ஏழு, பம்புத் தண்ணீரில் இருட்டில். கடைசி ஏழு, பம்புத் தண்ணீரில் ஜன்னலில். ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியுமாம். குழம்பில் ஒவ்வொரு சாமானாக மாற்றி இருபத்தெட்டுச் சட்டி வைக்கிற கதை என்று சிரித்தேன். இரவு படுத்து யோசித்தபோது அவர் சொல்வது சரி என்று பட்டது. எழுபத்தேழில் யாராவது இப்படிப் பிரித்து வைத்திருந்தால் என் விரல் தப்பியிருக்கும்.

இந்த முறை ஜன்னலோர ஷேக்கர் சுழற்றட்டும் என்று விட்டுவிட்டேன். மணிக்கட்டுக்காக இல்லை. கை மாறினாலும் நிறம் வருகிறதா என்று தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 19, சனி

ஒரு வரிசை மட்டும் நிறம் மாறுகிறது. எது என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

சாயந்திரம் ஆறு மணிக்கு நிலாவில் வண்டி இறங்கியது. கல்லூரியே பெரிய ஹாலில் திரை கட்டிப் பார்த்துக் கத்தியது. லேப்பில் நானும் டாக்டரம்மாவும் மட்டும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

மாதுளை. ஏழும் மாதுளை.

பம்புத் தண்ணீர் மட்டும் என்றால் சுமார். ஜன்னல் மட்டும் என்றால் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்தால் மூன்று மடங்குக்கும் மேல். மெஷின் சொன்னது. நான் மெஷினுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாலில் இருந்து ஓ என்று சத்தம் வந்தது. எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

கல்லூரி முதல்வர் அறை. நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். ஆனால் காகிதம் காகிதம்தானாம்.

“நிறம் இப்படியும் வரும்னு நிரூபிச்சிட்டீங்க பெரியவரே. அன்னைக்குக் குங்குமம் போடலைன்னு இது நிரூபிக்காதே. லெட்டர்ல உங்க ரேகை இருக்கு, ரெண்டு சாட்சி இருக்கு. படிச்சுக் காட்டாம வாங்கினதுன்னு அந்தச் சாட்சியில ஒருத்தராவது எழுதிக் கொடுத்தா, அடுத்த கூட்டத்துலயே ரத்து பண்றேன். யாராவது உயிரோட இருக்காங்களா?”

டாக்டரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நாளைக்குச் சொல்றேங்க” என்றேன்.

ஆகஸ்ட் 26, சனி

மனு அம்மா இன்று சீக்கிரமே வந்துவிட்டார். நேற்று முதல்வர் சொன்னதை எழுதும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. இப்போது விரல்கள் மேஜையில் தட்டுகின்றன. தட்டட்டும்.

எழுதும்மா. இது கடைசிப் பக்கம்.

அந்த அறையில் இருந்தது நான்கு பேர். பேராசிரியர் சந்தானகோபாலன் தொண்ணூற்றொன்றில் ஸ்ரீரங்கத்தில் இறந்தார். நான் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். ஆல்பர்ட் சகாயநாதன் இரண்டாவது கொரோனாவில் போனார். அவர் மகன் போன் செய்து, “அப்பா கடைசியா உங்களைக் கேட்டார்” என்றான். எதற்கு என்று இருவரும் பேசவில்லை. மூன்றாவது ஆள் நான்.

போன வருஷம் தபால் ஆபீஸ் வாசலில் ஒரு புது மேஜை வந்தது. ஒருநாள் மருமகளுக்காக மணியார்டர் பாரம் எழுத அதன் முன்னால் நின்றேன். எழுதுகிறவள் யோசிக்கும்போது பத்து விரலாலும் மேஜையைத் தட்டினாள். இடது சுண்டுவிரல் மட்டும் பின்தங்கித் தட்டியது. எனக்கு ஒரு காது மந்தம், ஆனாலும் மறு காது போதும். ஆறடி தள்ளி டைப் மிஷினில் நான்கு மாதம் கேட்ட சத்தம் அது. அதனால்தான் டாக்டரம்மா எழுதச் சொன்னதும் வேறு யாரிடமும் போகாமல் நேரே அந்த மேஜைக்கு வந்தேன். அவளும் என்னை முதல் நாளே கண்டுகொண்டாள். மைப்பெட்டியைத் தள்ளினபோது அவள் கண் என் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. நாற்பத்து மூன்று நாளாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. நேற்று டாக்டரம்மாவை விட்டு எல்லாவற்றையும் படிக்கக் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

“அண்ணே...” என்கிறாள்.

அழாதே. தாள் நனையும். உனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வேலை போய்விடும் என்று பயந்தாய். தண்ணீர் விஷயத்தில் நானும் அதே பயம்தான் பயந்தேன். என்னுடையதை உன் கையாலேயே எழுத வைத்தேன். இனி உன்னுடையது.

மைப்பெட்டியைத் திற. இன்று குடுவை வரையப் போவதில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து நானே என் விரலை வைக்கிறேன். பக்கத்தில் உன் கையெழுத்து. அந்தச் சாட்சியில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று முதல்வர் கேட்டார். எழுது, இனிஷியலோடு, முழுப் பெயரும்: எஸ். லில்லிபுஷ்பம்.